பள்ளிச் சிறார் தம்மைத்தாமே வருத்திக்கொள்ளுதல்: காரணங்களும் தடுப்புப் பணிகளும்

குழந்தை நலம் என்றவுடன் நமது திட்டங்களில் நெடுங்காலமாக முதலிடம் பெற்று வந்தவை தடுப்பூசி, ஊட்டச்சத்து, பள்ளிச் சேர்க்கை ஆகிய மூன்றுமே ஆகும். 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கப்பெற்ற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டமும், 1978-இல் தொடங்கப்பெற்ற விரிவான தடுப்பூசித் திட்டமும் குழந்தையின் உயிரைக் காக்கும் நோக்கம் கொண்டவை. அந்நோக்கம் பெருமளவுக்கு நிறைவேறியும் வருகிறது. ஆனால் பிழைத்து வளர்ந்து பள்ளிக்குச் செல்லும் குழந்தையின் உள்ளத்திற்கு என்ன நேர்கிறது என்னும் வினா அண்மைக் காலம் வரை திட்டமிடுவோரின் கவனத்திற்கு வரவில்லை. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் 44 கோடிக்கும் அதிகம். இவ்வளவு பெரிய தொகையில் மிகச் சிறிய ஒரு விழுக்காட்டினர் இடருக்கு உள்ளானாலும் அவர்களின் எண்ணிக்கை பல இலட்சங்களை எட்டும்.

இக்கட்டுரையின் பொருள், சிறுவயதுக் குழந்தைகள் தம் உடலுக்குத் தாமே ஊறு விளைவித்துக்கொள்ளும் நிலையும் அதற்குரிய இடர்க்காரணிகளுமாகும். இதில் இரண்டு வேறுபாடுகளைத் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்திக்கொள்வது நலம். முதலாவதாக, இரண்டு மூன்று வயதுக் குழந்தை கோபத்தில் தலையைச் சுவரில் மோதிக்கொள்வதைப் பல தாய்மார்கள் கண்டு அஞ்சுவர். இது பெரும்பாலும் வளர்ச்சியின் ஒரு கட்டமே. வயது ஏறஏறத் தானே மறைந்துவிடும். மனவளர்ச்சிக் குறைபாடும் தன்முனைவுக் கோளாறும் உள்ள குழந்தைகள் சிலர் தம்மைத் திரும்பத் திரும்பக் கடித்துக்கொள்வதும் அடித்துக்கொள்வதும் தனி மருத்துவக் கவனம் வேண்டும் மற்றொரு நிலை. இவ்விரண்டும் இங்கு விரிவாக ஆராயப்படவில்லை. இரண்டாவதாக, மனவேதனையைத் தாங்க இயலாமல் தன்னை வருத்திக்கொள்ளும் குழந்தை எல்லா வேளைகளிலும் சாக விரும்புகிறது என்று கொள்ளலாகாது. வேதனை நின்றால் போதும் என்பதே பல வேளைகளில் அதன் எண்ணம். எனினும், ஒரு முறை இவ்வாறு செய்த குழந்தை பின்னாளில் உயிருக்கே ஆபத்தான செயலில் இறங்கும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிட அதிகம் என்பதால், இதை விளையாட்டாகவோ பிடிவாதமாகவோ கருதி ஒதுக்கிவிட இயலாது.

எண்ணிக்கை எங்கே?

எந்தச் சமூகப் பிரச்சினையையும் அளந்து பார்த்த பிறகே அதற்கு நிதி ஒதுக்க இயலும். இப்பிரச்சினையில் அந்த முதற்படியிலேயே தடை எதிர்ப்படுகிறது. தேசியக் குற்றப்பதிவு ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் விபத்து மரணங்களும் தற்கொலைகளும் பற்றிய அறிக்கையே நம்மிடம் உள்ள முக்கியமான ஆதாரம். 2022-ஆம் ஆண்டுக்குரிய அறிக்கையின்படி நாட்டில் 1,70,924 பேர் தற்கொலையால் மாண்டனர். அவர்களுள் 13,044 பேர் மாணவர்கள். பதினெட்டு வயதுக்குட்பட்டோர் மட்டும் பதினாயிரத்திற்கு மேற்பட்டோர். மொத்த எண்ணிக்கையில் ஆண்கள் ஏறத்தாழ 72 விழுக்காடு. ஆனால் பதினெட்டு வயதுக்குட்பட்டோரில் சிறுவர்களைக் காட்டிலும் சிறுமியர் அதிகம். பெரியவர்களைப் பற்றி நாம் அறிந்தவற்றை அப்படியே குழந்தைகளுக்குப் பொருத்துவது எவ்வளவு தவறு என்பதற்கு இந்த ஒரு வேறுபாடே போதிய சான்று.

இவ்வறிக்கையில் இரண்டு குறைகள் உள்ளன. 2013-ஆம் ஆண்டு வரை பதினான்கு வயது வரையிலானோர் தனிப் பிரிவாகக் காட்டப்பட்டனர். 2014 முதல் அப்பிரிவு மறைந்து, பதினெட்டு வயதுக்குட்பட்டோர் அனைவரும் ஒரே கட்டத்தில் அடக்கப்பட்டனர். சட்டத்தில் குழந்தை என்பதற்குத் தரப்பட்டுள்ள வரையறையை ஒட்டிச் செய்யப்பட்ட மாற்றமாதலால் இதற்கு நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் அதன் விளைவு என்ன? பதினேழு வயது இளைஞரும் பத்து வயதுச் சிறுமியும் ஒரே எண்ணுக்குள் கலந்துவிட்டனர். சிறு குழந்தைகளின் நிலை முன்னைவிட மோசமாயிற்றா, சீராயிற்றா என்பதை அட்டவணையைக் கொண்டு கூறவே வழியில்லை. அட்டவணையில் இடம்பெறாத ஒரு பிரிவினருக்காக நிதி கேட்டு வாதாடுவது எத்துணைக் கடினம் என்பதை வரவு செலவுத் திட்டத் தயாரிப்பில் பழகியவர்கள் அறிவர்.

இரண்டாவது குறை, இதைவிடப் பெரிது. ஆணையம் எண்ணுவது இறப்புகளை மட்டுமே. அதுவும் காவல் நிலையங்களில் பதிவானவற்றை மட்டுமே. உயிர் பிழைத்த குழந்தைகளைப் பற்றிய கணக்கு அதில் இல்லை. தற்கொலை முயற்சி குற்றமாக இருந்த காலத்தில், மருத்துவமனைக்கு ஓடிவந்த பெற்றோர் 'தவறுதலாக நேர்ந்தது' என்றே எழுதச் சொல்வது வழக்கமாயிற்று. அச்சம் சட்டத்தைவிட நீண்ட ஆயுள் உடையது. சட்டம் மாறிய பின்னும் அவ்வழக்கம் முற்றிலும் மறைந்துவிடவில்லை.

கணக்கெடுப்பின் மூலம் ஓரளவு வெளிச்சம் தந்தது, பெங்களூரிலுள்ள தேசிய மனநல மற்றும் நரம்பியல் அறிவியல் நிறுவனம் 2015-16-இல் பன்னிரண்டு மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு. பதின்மூன்று முதல் பதினேழு வயது வரையுள்ளோரில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் குறை இருப்பதாக அது கண்டது. அதற்குக் கீழ்ப்பட்ட வயதினர் இந்தக் கணக்கில் இடம்பெறவில்லை.

சிறு குழந்தையின் மனத்தில் இறப்பு

'இவ்வளவு சிறு குழந்தைக்குச் சாவு என்றால் என்னவென்று தெரியுமா?' என்று பலர் கேட்பர். ஹங்கேரி நாட்டு உளவியலார் மரியா நாகி, மூன்று முதல் பத்து வயது வரையுள்ள குழந்தைகளிடம் ஆராய்ந்து 1948-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள் இறப்பை ஓர் உறக்கமாகவோ பயணமாகவோ கருதுகின்றனர் என்றும், மீளமுடியாத, அனைவருக்கும் நேரும் ஒரு முடிவு என்னும் தெளிவு ஒன்பது வயதளவில் முழுமையடைகிறது என்றும் அவர் கண்டார். பின்வந்த ஆராய்ச்சியாளர் பலர் இத்தெளிவு ஐந்து முதல் ஏழு வயதுக்குள்ளேயே பெரும்பாலும் வந்துவிடுகிறது என்பர். இன்றைய குழந்தைகள் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் காண்பவற்றை எண்ணிப் பார்த்தால் இதில் வியப்பில்லை.

ஆனால் கருத்துத் தெளிவு வேறு, அதைக் கொண்டு முடிவெடுக்கும் முதிர்ச்சி வேறு. எட்டு வயதுக் குழந்தைக்கு நாளை என்பது மிகத் தொலைவு. இன்று நேர்ந்த அவமானம் என்றென்றும் நீடிக்கும் என்று அது நம்புகிறது. தன் வேதனைக்குப் பெயர் சூட்டிச் சொல்லும் மொழியும் அதனிடம் இல்லை. ஆதலால்தான் பெரியவர்களிடம் காணப்படும் துயரக் குறிகள் குழந்தைகளிடம் உருமாறித் தோன்றுகின்றன. வயிற்றுவலி, தலைவலி என்று அடிக்கடி பள்ளிக்கு வராதிருத்தல், காரணமின்றி எரிந்துவிழுதல், உறக்கம் கெடுதல், விருப்பமான விளையாட்டில் நாட்டம் குன்றுதல், உடலின் சில பகுதிகளை எப்போதும் மறைத்துக்கொள்ளுதல், 'நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி' என்பது போன்ற சொற்களைக் கூறுதல் ஆகியவை கவனிக்கத்தக்கவை. இவற்றுள் ஒன்று மட்டும் தோன்றினால் அஞ்ச வேண்டுவதில்லை. பல சேர்ந்து, சில வாரங்கள் நீடித்தால் குழந்தையோடு அமர்ந்து பேச வேண்டும்.

பேசினால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்ற தயக்கம் ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் பரவலாக உள்ளது. அமெரிக்காவில் பள்ளி மாணவர்களிடையே நடத்தப்பெற்று 2005-இல் வெளியான ஓர் ஆய்வு இத்தயக்கத்திற்கு ஆதாரமில்லை என்று காட்டிற்று. நேரடியாகவும் அன்பாகவும் கேட்கப்பட்ட மாணவர்களின் மனவேதனை அதனால் பெருகவில்லை. ஏற்கெனவே துன்பத்தில் இருந்தவர்களுக்கு அது சற்று ஆறுதலாகவே அமைந்தது.

இடர்க்காரணிகள்

பத்து வயதை ஒட்டிய குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகள் உலகெங்கும் மிகக் குறைவு. அமெரிக்காவின் டென்வர் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றாம் வகுப்பு மாணவர்களில் 7.6 விழுக்காட்டினரும், ஆறாம் வகுப்பில் 4 விழுக்காட்டினரும், ஒன்பதாம் வகுப்பில் 12.7 விழுக்காட்டினரும் சாகும் நோக்கமின்றித் தம்மை எப்போதேனும் வருத்திக்கொண்டதாகக் கூறினர். மூன்றாம் வகுப்பு என்பது எட்டு ஒன்பது வயது என்பதை மறக்கலாகாது.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் சுமார் 1,200 குழந்தைகளை எட்டு ஒன்பது வயதிலிருந்து ஆண்டுதோறும் தொடர்ந்து கவனித்த ஆய்வு, 2020-இல் வெளியாயிற்று. பதினொன்று பன்னிரண்டு வயதை எட்டியபோது அவர்களில் ஏறத்தாழ 3 விழுக்காட்டினர் முந்திய ஓராண்டில் தம்மை வருத்திக்கொண்டிருந்தனர். எவர் இந்நிலைக்கு ஆளாகின்றனர் என்பதைப் பின்னோக்கிப் பார்க்காமல் முன்னோக்கியே பார்க்க முடிந்தது இவ்வாய்வின் தனிச்சிறப்பு. நீடித்த மனச்சோர்வும் பதற்றமும் எதிர்பார்க்கத்தக்கவையே. ஆனால் நண்பர்கள் மிகச் சிலரே உள்ள குழந்தைகளுக்கு இடர் ஏழு மடங்கு அதிகமாகவும், உடன் பயில்வோரின் அடிக்கும் கேலிக்கும் அடிக்கடி உள்ளான குழந்தைகளுக்கு இருபது மடங்கிற்கும் அதிகமாகவும் காணப்பட்டது. குழந்தையின் மனத்தைக் கெடுப்பது தேர்வு ஒன்றே என்று நினைத்துக்கொண்டிருக்கும் நமக்கு இம்முடிவு புதிது. வகுப்பறையின் கடைசி வரிசையிலும், விளையாட்டு மைதானத்தின் மூலையிலும், பள்ளி ஊர்தியின் பின்னிருக்கையிலும் நடப்பவை மதிப்பெண் அட்டையில் பதிவாவதில்லை.

வீட்டைப் பொறுத்தவரையில், மத்தியப் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வை இங்குக் குறிப்பிட வேண்டும். பதின்மூன்று மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்தப்பெற்ற அவ்வாய்வில், மூவரில் இருவர் உடல்ரீதியான கொடுமைக்கும், பாதிக்கு மேற்பட்டோர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் கொடுமைக்கும் ஆளானதாகத் தெரிவித்தனர். 2012-இல் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் இயற்றப்படுவதற்கு வலுவூட்டிய சான்றுகளுள் இதுவும் ஒன்று. இளமையில் அடைந்த கொடுமை, பெற்றோரின் குடிப்பழக்கம், வீட்டில் தாய் அடிபடுவதைக் காணுதல், பெற்றோரின் பிரிவு முதலிய அனுபவங்கள் தற்கொலை முயற்சிக்கான வாய்ப்பை வாழ்நாள் முழுவதும் இரண்டு முதல் ஐந்து மடங்கு வரை உயர்த்துகின்றன என்று, அமெரிக்காவில் நடத்தப்பெற்று 2001-இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. துன்பங்களின் எண்ணிக்கை கூடக்கூட இடரும் படிப்படியாக உயர்கிறது. ஆகவே ஒரே காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்து அதன்மீது பழியைச் சுமத்தும் செய்தித்தாள் வழக்கம் உண்மைக்கு மாறானது.

நம் நாட்டுச் சூழலில் மேலும் சில காரணங்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எழுத்துக்களைப் பிரித்தறியத் தடுமாறும் கற்றல் குறைபாடு கண்டறியப்படாத குழந்தை, 'மக்கு' என்ற பெயரோடு ஆண்டுக்கணக்கில் வகுப்பில் அமர்ந்திருக்கிறது. இக்குறைபாடு 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றுவிட்டது. ஊர்ப்புறப் பள்ளி வரை அது இன்னும் சென்று சேரவில்லை. பத்து பதினோரு வயதிலேயே வீட்டைவிட்டு விடுதிக்கு அனுப்பப்படும் குழந்தைகள், வேலை தேடி இடம்பெயரும் பெற்றோரோடு மொழி தெரியாத ஊரில் பள்ளி மாறும் குழந்தைகள், சாதியின் பெயரால் தனித்து உட்கார வைக்கப்படும் குழந்தைகள் ஆகியோரின் தனிமையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை.

நாளந்தாவில் கண்ட பாடம்

இடர்களைப் பட்டியலிடுவது எளிது. குறைந்த செலவில், நம்மிடம் உள்ள ஆட்களைக் கொண்டு என்ன செய்ய முடியும் என்பதே நிருவாகத்தின் வினா. நாட்டில் ஓர் இலட்சம் மக்களுக்கு 0.75 மனநல மருத்துவர்களே உள்ளனர் என்பது 2019-இல் வெளியான ஒரு மதிப்பீடு. மூவராவது வேண்டும் என்று வல்லுநர் கருதுகின்றனர். அவர்களுள்ளும் குழந்தை மனநலத்தில் தனிப்பயிற்சி பெற்றோர் மிகச் சிலரே. அவர்களும் பெருநகரங்களில் உள்ளனர். ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு மருத்துவர் என்பது இத்தலைமுறையில் நடவாத காரியம்.

இந்நிலையில், பீகார் மாநிலம் நாளந்தா மாவட்டத்தில் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் மேற்கொள்ளப்பட்ட ஒரு சோதனை நம் கவனத்திற்கு உரியது. எழுபதுக்கும் மேற்பட்ட பள்ளிகள் மூன்று பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டன. ஒரு பிரிவில், மனநலப் பட்டம் ஏதும் பெறாத, ஆனால் இதற்கென்றே பயிற்சி அளிக்கப்பட்ட ஆலோசகர் ஒருவர் பள்ளியில் முழுநேரமும் பணியாற்றினார். இரண்டாவது பிரிவில், அதே பணி பள்ளியின் ஆசிரியர் ஒருவரிடம் கூடுதலாக ஒப்படைக்கப்பட்டது. மூன்றாவது பிரிவில் வழக்கமான வாழ்க்கைத் திறன் பாடம் மட்டும் நடந்தது. ஆலோசகரின் பணிகள் எவை? மாணவரும் ஆசிரியரும் பெற்றோரும் அடங்கிய ஒரு குழுவைக் கூட்டுதல், சுவர் இதழ் நடத்துதல், மாணவர்கள் தம் குறைகளை எழுதிப் போடுவதற்குப் பெட்டி ஒன்றை வைத்தல், அடிக்காமல் ஒழுங்கை நிலைநாட்டும் முறைகளை ஆசிரியர்களோடு கலந்து பேசுதல், தேவைப்படும் மாணவரிடம் தனியே அமர்ந்து உரையாடுதல் ஆகியவையே. இவற்றில் அரிய கருவியோ விலையுயர்ந்த மருந்தோ இல்லை.

முடிவுகள் 2018-இல் வெளியாயின. ஆலோசகர் பணியாற்றிய பள்ளிகளில் மனச்சோர்வும், மாணவரை மாணவர் துன்புறுத்துதலும், வன்செயலும் குறைந்தன. பள்ளியின் சூழல் மேம்பட்டது. ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்ட பள்ளிகளிலோ அதே பாடத்திட்டமும் அதே பெட்டியும் இருந்தும் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படவில்லை.

இதை ஆசிரியர்கள்மீது கூறப்படும் குறையாகக் கொள்ளலாகாது. கற்பித்தல், தேர்வு நடத்துதல், பதிவேடுகள், மதிய உணவு, தேர்தல் பணி, கணக்கெடுப்பு ஆகிய அனைத்தும் ஏற்கெனவே அவர் தோளில் உள்ளன. மேலும், மதிப்பெண் போடுபவரும் தண்டிப்பவருமான ஒருவரிடமே தன் அந்தரங்க வேதனையைச் சொல்லக் குழந்தை தயங்குவது இயல்பு. ஐரோப்பாவின் பத்து நாடுகளில் பதினோராயிரத்திற்கும் மேற்பட்ட மாணவர்களிடையே நடத்தப்பெற்று 2015-இல் வெளியான ஆய்வும் இத்திசையையே காட்டுகிறது. அதில் ஆசிரியர்களுக்கு மட்டும் பயிற்சி அளித்த முறை போதிய பலன் தரவில்லை. மாணவர்களோடு நேரடியாகக் கலந்துரையாடிய முறை, ஓராண்டில் புதிய தற்கொலை முயற்சிகளைப் பாதிக்கும் கீழாகக் குறைத்தது.

2020-இல் தொடங்கப்பெற்ற பள்ளி உடல்நல மற்றும் நல்வாழ்வுத் திட்டத்தில், ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு ஆசிரியர்கள் நல்வாழ்வுத் தூதர்களாக நியமிக்கப்படுகின்றனர். பதினொரு தலைப்புகளுள் மனநலமும் ஒன்று. நோக்கம் நன்று. எனினும் நாளந்தாவின் அனுபவத்தைக் கருத்தில் கொண்டால், ஆசிரியருக்குப் பொறுப்பைக் கூட்டுவதோடு நின்றுவிடாமல், பல பள்ளிகளுக்குப் பொதுவாகவேனும் தனி ஆலோசகர் ஒருவரை நியமிப்பதே பலன் தரும் செலவு என்று தோன்றுகிறது. 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை ஆலோசகர்களையும் சமூகப் பணியாளர்களையும் பள்ளிகளுக்குப் பரிந்துரைத்துள்ளது. மாநிலங்கள் இதற்கான பணியிடங்களை உருவாக்கும் வேகத்தைப் பொறுத்தே அப்பரிந்துரையின் பயன் அமையும்.

விடுபட்ட வயது

திட்டங்களை வயது வாரியாக அடுக்கிப் பார்த்தால் ஓர் இடைவெளி கண்ணில் படுகிறது. 2014-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் நாள் தொடங்கப்பெற்ற தேசிய வளரிளம் பருவ நலத் திட்டம், பத்து முதல் பத்தொன்பது வயதினருக்கு உரியது. மேற்கூறிய பள்ளி நல்வாழ்வுத் திட்டம் ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்குகிறது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் ஆலோசகர் விதி உயர்நிலை, மேனிலை வகுப்புகளைக் கருத்தில் கொண்டு எழுந்தது. பிறப்பு முதல் பதினெட்டு வயது வரையுள்ள அனைவரையும் பரிசோதிக்கும் 2013-ஆம் ஆண்டுத் தேசியக் குழந்தை நலத் திட்டம், பிறவிக் குறை, நோய், ஊட்டக் குறை, வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கினைத் தேடுகிறது. மனவேதனை அந்நான்கனுள் வெளிப்படையாக இடம்பெறவில்லை. ஆக, அங்கன்வாடியை விட்டு நீங்கிய குழந்தை ஆறாம் வகுப்பை அடையும் வரையில், அதன் மனநலத்திற்கென ஒரு திட்டமும் முழுப்பொறுப்பு ஏற்கவில்லை. டென்வர், மெல்போர்ன் ஆய்வுகள் சுட்டும் வயது இதுவே.

இவ்வயதில் தொடங்கும் பணி வீண்போவதில்லை என்பதற்கு அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலிருந்து சான்று கிடைக்கிறது. 1985-86-இல் அந்நகரின் முதல் வகுப்பு மாணவர்களிடையே ஓர் எளிய விளையாட்டு நடத்தப்பட்டது. வகுப்பை அணிகளாகப் பிரித்து, குறித்த சில நிமிடங்களுக்கு விதிகளை மீறாமல் ஒருவருக்கொருவர் உதவி நடந்துகொண்ட அணிகளுக்கெல்லாம் ஆசிரியர் சிறு பரிசு வழங்குவார். ஓர் அணி வெல்வதால் மற்றோர் அணி தோற்க வேண்டும் என்பதில்லை. எல்லா அணிகளும் வெல்லலாம். அடங்காத சிறுவனை அவனுடைய அணியினரே பொறுமையாகச் சேர்த்துக்கொள்ளும் நிலை இதனால் உருவாகிறது. இக்குழந்தைகள் பத்தொன்பது முதல் இருபத்தொரு வயதை எட்டியபோது விசாரித்ததில், விளையாட்டில் பங்கு பெற்றவர்களிடையே தற்கொலை எண்ணம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. 2008-இல் இம்முடிவு வெளியாயிற்று. அடுத்த ஆண்டு மாணவர்களிடையே இதே அளவு பலன் கிட்டவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆசிரியர்களுக்குத் தரப்பட்ட பயிற்சியும் மேற்பார்வையும் இரண்டாம் ஆண்டில் தளர்ந்ததே காரணமாக இருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளரின் கருத்து. முதலாண்டில் விழாவாகத் தொடங்கி, இரண்டாமாண்டில் சுற்றறிக்கையாகச் சுருங்கும் திட்டங்கள் நமக்குப் புதியன அல்ல.

சட்டத்தின் நிலை

தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு என்றுமே பொருந்தியதில்லை. அவ்வயதுக் குழந்தை செய்யும் எதுவும் குற்றமாகாது என்று அச்சட்டமே கூறிற்று. 2018-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, இத்தகையோர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், தண்டிக்கப்படலாகாது என்று 115-ஆம் பிரிவில் விதித்தது. அவர்களுக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பதை அரசின் கடமையாகவும் ஆக்கிற்று. 2024-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309-ஆம் பிரிவுக்கு இணையான பொதுப்பிரிவு இல்லை. அரசு ஊழியரைக் கடமை செய்யவிடாமல் வற்புறுத்தும் நோக்கத்தோடு செய்யப்படும் முயற்சி மட்டுமே குற்றமாக வைக்கப்பட்டுள்ளது. குழந்தையை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர் வழக்குக்கு அஞ்ச வேண்டியதில்லை என்பதை ஊராட்சி அலுவலர் முதல் ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர் வரை அனைவரும் எடுத்துக் கூறுதல் வேண்டும்.

பள்ளியைப் பொறுத்தவரையில், 2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்துள்ளது. பிரம்பு ஓரளவு மறைந்துவிட்டது. வகுப்பின் முன் நிறுத்தி நகையாடும் வழக்கம் அவ்வளவு எளிதாக மறையவில்லை. கல்வி நிலையங்களில் மாணவர் மனநலம் குறித்து உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் பிறப்பித்த வழிகாட்டு நெறிகளுள், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள நிலையங்கள் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையேனும் நியமிக்க வேண்டும் என்பதும் ஒன்றாகும்.

2022 நவம்பரில் வெளியிடப்பட்ட தேசியத் தற்கொலைத் தடுப்பு உத்தி, 2030-ஆம் ஆண்டுக்குள் தற்கொலை இறப்புகளை 10 விழுக்காடு குறைப்பதை இலக்காகக் கொண்டுள்ளது. கண்காணிப்பு முறைகளை மூன்று ஆண்டுகளிலும், மாவட்டந்தோறும் மனநலப் புறநோயாளர் பிரிவுகளை ஐந்து ஆண்டுகளிலும், கல்வி நிலையங்கள் அனைத்திலும் மனநலப் பாடத்தை எட்டு ஆண்டுகளிலும் நிறுவ அது காலவரையறை செய்துள்ளது. கண்காணிப்பு முறை அமையும்போது பதினான்கு வயதுக்குட்பட்டோரைத் தனியே காட்டும் பழைய வழக்கத்தை மீண்டும் கொண்டுவருவதும், உயிர் பிழைத்தோரை மருத்துவமனைப் பதிவுகள் வழியே பெயரின்றிக் கணக்கிடுவதும் பெரிய செலவின்றிச் செய்யத்தக்கவை.

வீட்டளவில் செய்யத்தக்கது

திட்டங்கள் வந்து சேரும் வரை குழந்தை காத்திருப்பதில்லை. குழந்தைகளின் இத்தகைய செயல்கள் பெரும்பாலும் நீண்ட ஆலோசனையின்றி, கண நேர உந்துதலால் நேர்கின்றன. அந்தக் கணம் கடந்துவிட்டால் ஆபத்தும் பெரிதும் கடந்துவிடுகிறது. எனவே மாத்திரைகளையும் வேளாண் நச்சுப் பொருள்களையும் பூட்டி வைத்தல் என்னும் சிறு முன்னெச்சரிக்கை பெரும்பயன் தரும். குழந்தையின் உடலில் விளக்கவியலாத காயத்தைக் கண்டால் கோபித்தலும் சத்தியம் வாங்குதலும் கூடா. அவை குழந்தையை மறைக்கப் பழக்கும். அருகமர்ந்து கேட்டு, அன்று இரவு தனியே விடாமல், விரைவில் மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ அழைத்துச் செல்ல வேண்டும். பள்ளியில் நேர்ந்த தொல்லை காரணமாயின், குழந்தையை மட்டும் திருத்த முயலாமல் தலைமையாசிரியரைச் சந்திப்பது பெற்றோரின் கடமை.

உடனடி உதவிக்கு, 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் தொடங்கப்பெற்ற டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழ் உட்படப் பல மொழிகளில் பயிற்சி பெற்றோர் பேசுகின்றனர். 1996-இல் மும்பையில் தொடங்கி நாடெங்கும் விரிந்த குழந்தைகளுக்கான 1098 என்னும் எண், குழந்தைகள் தாமே அழைப்பதற்கென அமைந்தது. பல பள்ளிகளின் சுவர்களில் இவ்வெண்கள் எழுதப்பட்டுள்ளன. ஆனால் அவை பெரும்பாலும் தலைமையாசிரியர் அறைக்கு வெளியே, பெரியவர்களின் கண்மட்டத்தில் உள்ளன. எட்டு வயதுக் குழந்தையின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில், குடிநீர்க் குழாயின் அருகிலோ விளையாட்டுத் திடலின் சுவரிலோ அவற்றை எழுதுவதற்கு எந்த அனுமதியும் தேவையில்லை.